பெசன்ட் நகர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வழக்கு

அக்டோபர் 1, அன்னி பெசன்ட் அம்மையாரின் பிறந்த நாள். பெசன்ட் நகர் பேருந்தில் ஏறாத, எலியட்ஸ் கடற்கரையில் காற்று வாங்காத சென்னைவாசி அரிது. பிரம்மஞான சபையின் தலைவர், ஹோம் ரூல் இயக்கம் கண்டவர் என்று பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திருக்கிறோம். இந்தியா வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு புத்தகத்துக்காக அவர் நீதிமன்றம் ஏறியதும், அதற்கு விலையாகத் தன் மகளை இழந்ததும் பலருக்குத் தெரியாது.

1847-இல் லண்டனில் பிறந்தவர் அன்னி. ஐந்து வயதில் தந்தையை இழந்தார். 20 வயதில் பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருடன் திருமணம். இல்லற வாழ்க்கை என்றால் என்னவென்று யாருமே சொல்லித் தராமல் மணமேடை ஏறியதைப் பின்னாளில் தன் சுயசரிதையில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். 1869-இல் மகன் டிக்பி, 1870-இல் மகள் மேபல். கைக்குழந்தையாக இருந்த மேபல் கக்குவான் இருமலில் உயிருக்குப் போராடியபோது அன்னியின் கடவுள் நம்பிக்கை ஆட்டம் கண்டது. கணவரோடு ஒத்துப்போக முடியாமல் 1873-இல் பிரிந்தார். மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர்வதென்று ஒப்பந்தமானது.

லண்டனில் பகுத்தறிவாளர் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து எழுத்திலும் மேடையிலும் பெயர் பெற்றார். அப்போதுதான் அந்தச் சிறு புத்தகம் குறுக்கே வந்தது. சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1832-இல் எழுதிய 'தத்துவத்தின் கனிகள்' அது. கருத்தரிப்பு எப்படி நிகழ்கிறது, வேண்டாதபோது அதை எப்படித் தவிர்க்கலாம் என்று அந்தக் கால அறிவுக்கு எட்டியவரை எளிமையாகச் சொன்னது. நோல்டன் அதற்காகச் சிறை சென்றார். இங்கிலாந்தில் பல்லாண்டுகள் ஓசையின்றி விற்றுவந்த இந்தப் புத்தகத்தின் மீது 1876-இல் ஆபாச வழக்கு பாய்ந்தது. அதை வெளியிட்டுவந்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கினார்.

அன்னியும் பிராட்லாவும் ஒதுங்கவில்லை. தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கி, 1877 மார்ச்சில் ஆறு பென்ஸ் விலையில் புத்தகத்தை மீண்டும் அச்சிட்டார்கள். எங்கே, எப்போது விற்கப்போகிறோம் என்று காவல்துறைக்கு முன்கூட்டியே தகவலும் கொடுத்தார்கள். கைது நடந்தது. வழக்குச் செய்தி பரவப் பரவ, சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன.

ஜூன் மாதம் விசாரணை. அன்னி வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தனக்காகத் தானே மணிக்கணக்கில் வாதாடினார். ஒரே அறையில் நெருக்கியடித்து வாழும் ஏழைக் குடும்பங்களையும், பிறந்து சில மாதங்களிலேயே மடியும் குழந்தைகளையும், பிள்ளை பெற்றுப் பெற்றே உடல் தேய்ந்த தாய்மார்களையும் எடுத்துக்காட்டினார். விலை உயர்ந்த மருத்துவ நூல்களில் இதே விஷயம் இருக்கலாம், ஆறு பென்ஸுக்குத் தொழிலாளியின் மனைவி கையில் கிடைத்தால் மட்டும் குற்றமா என்பதே அவருடைய கேள்வி. புத்தகம் ஒழுக்கத்தைக் கெடுக்கும், ஆனால் வெளியிட்டவர்களுக்குத் தீய நோக்கம் இல்லை என்று இரண்டுங்கெட்டானாக ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றச்சாட்டு எழுதப்பட்ட முறையில் இருந்த குறையால், 1878 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது.

இடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. நாத்திகர், அதிலும் இப்படிப்பட்ட புத்தகத்தை வெளியிட்டவர், மகளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று கணவர் நீதிமன்றம் போனார். நீதிபதி ஒப்புக்கொண்டார். ஏழு வயது மேபல் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாள். சிறையிலிருந்து தப்பிய பெண்ணை இந்தத் தீர்ப்பு உடைத்துப்போட்டது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்த பிறகே தாயைத் தேடி வந்தார்கள்.

இதற்கிடையே நோல்டனின் பழைய புத்தகத்துக்குப் பதிலாக 'மக்கள்தொகை விதி' என்ற நூலை அன்னியே எழுதினார். அது ஒன்றரை லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. ஆனால் 1889-இல் பிரம்மஞானத்தில் சேர்ந்தவர், 1891-இல் அதே நூலைத் தானே திரும்பப் பெற்றார். புலனடக்கமே உயர்ந்த வழி என்பது அப்போது அவருடைய கருத்து. பழைய நண்பர்கள் வருந்தினார்கள். எதற்காக மகளையே இழந்தாரோ அதையே கைவிட்டாரே என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. சரியென்று பட்டதை ஊர் என்ன சொல்லும் என்று பாராமல் செய்வதில் மட்டும் அவர் கடைசிவரை மாறவில்லை.

1893-இல் இந்தியா வந்தார். 1907 முதல் அடையாறிலிருந்து பிரம்மஞான சபையை நடத்தினார். குழந்தைத் திருமணத்தைக் கண்டித்துச் சென்னையில் பேசினார். 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய 1929-ஆம் ஆண்டு சாரதா சட்டத்துக்கு அந்தச் சங்கம் பாடுபட்டது. 1933 செப்டம்பர் 20 அன்று அடையாறிலேயே காலமானார்.

அன்று குற்றமாக இருந்த செய்தி இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுதியிருக்கிறது. 1952 முதல் குடும்பநலம் அரசின் திட்டமாகவே இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் பேச்சு இன்னும் தாழ்ந்த குரலில்தான் நடக்கிறது. புதிதாக மணமானவர்களை லிஃப்டில் நிறுத்தி விசேஷம் ஏதும் உண்டா என்று கேட்க நமக்குக் கூச்சமில்லை. மாதவிடாய் வலி, கருத்தடை, குழந்தையின்மை பற்றி வளர்ந்த பிள்ளைகளிடம் ஒழுங்காகப் பேசத்தான் கூச்சம். தெரியாமலே மணமேடை ஏறிய அந்த 20 வயதுப் பெண்ணின் நிலை நம் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ வர வேண்டாம். கேட்கக் கூடாத கேள்வியை விட்டுவிட்டு, சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தருவோம்.