அரசாங்கம் கைவிரித்த பிறகும் நின்றுவிடாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் தேவதாசி முறை ஒழிப்பும் ஔவை இல்லமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அவர் நீண்ட காலம் போராடியது வேறொன்றுக்காக. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும், அங்கே சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

1886 ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் டாக்டரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923இல் அவருடைய தங்கை நோயில் விழுந்தார். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்காளும் டாக்டர், அக்காள் கணவரும் டாக்டர். இருந்தும் அந்த இளம் பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சாவை முத்துலட்சுமி கடைசிவரை மறக்கவில்லை.

1925இல் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே இயங்கிய மருத்துவமனையை நேரில் பார்த்தார். ஊர் திரும்பியதும் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் ஆனார். அந்தப் பொறுப்புகளில் சில ஆண்டுகள் ஓடின. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில்தான், புற்றுநோய் மருத்துவமனை தொடங்கும் எண்ணத்தை வெளியே சொன்னார்.

நாடு விடுதலை பெற்ற பிறகு அரசாங்கத்திடம் உதவி கேட்டார். புற்றுநோய் வந்தால் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று அமைச்சர் ஒருவர் கேட்டதாக இன்றும் சொல்லப்படுகிறது. மலேரியாவுக்கும் காசநோய்க்குமே பணம் போதாத காலம் அது என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆனாலும் அந்தக் கேள்வி தவறானது. நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியில்லாததால்தான் அவர்கள் செத்தார்கள். ஒரே இடத்தில் நோயாளிகளைச் சேர்த்து, குறிப்பெழுதி, ஆண்டுக்கணக்கில் கவனித்தால்தானே அந்த வழி பிறக்கும்! இன்று ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் அரசாங்கச் செலவில் புற்றுநோய் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு இப்படியொரு காலம் இருந்தது என்பதே வியப்பாக இருக்கும்.

அரசாங்கம் கைவிரித்ததும் முத்துலட்சுமி மக்களிடம் போனார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சங்கத்துப் பெண்கள் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் சில குடிசைகளில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்கும் வயது!

வெளிநாட்டில் பயிற்சி பெற்ற மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். கனடா நாட்டு உதவியாகக் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் வந்தது. 1956இல் முத்துலட்சுமிக்குப் பத்ம பூஷண் விருது கிடைத்தது.

1968 ஜூலை 22ஆம் நாள் அவர் காலமானார். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1975இல், இந்திய அரசாங்கம் அடையாறு புற்றுநோய் நிலையத்தை வட்டாரப் புற்றுநோய் மையமாக அங்கீகரித்தது. சென்னை நகரில் யார் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவேடு, 1980களின் தொடக்கத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவோடு அதே நிலையத்தில்தான் ஆரம்பமானது.