தூரிகையும் செங்கோலும்

சீன நாட்டின் சொங் மரபில் வந்த பேரரசர் ஹுய்சோங், அரியணைக்கென்று வளர்க்கப்பட்டவர் அல்லர். ஷென்சோங் பேரரசரின் பதினொன்றாம் மகனாக 1082ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஓவியத்திலும் கையெழுத்துக் கலையிலும் கவிதையிலும் தோய்ந்து வளர்ந்தார். தமையனார் ஆண் வாரிசின்றி 1100இல் மறைந்தமையால், 17ஆம் வயதில் முடிசூடினார்.

கலைஞராக அவர் எய்திய உயரம் ஐயத்திற்கு இடமற்றது. மெலிந்த பொன் எனப் பெயர்பெற்ற, கூரிய கோடுகளாலான எழுத்துப் பாணியை வகுத்தவர் அவரே. அரண்மனை ஓவியக் கழகத்தில் சேர விழைந்தோருக்குக் கவிதை வரியொன்றே தேர்வு வினாவாயிற்று. வரி சொன்னதை அப்படியே வரைந்தவரைவிட, சொல்லாது விட்டதை உணர்த்தியவரே அங்கு மதிக்கப்பெற்றார். அவர் காலத்தில் தொகுக்கப்பெற்ற அரண்மனை ஓவியப் பட்டியல், 231 ஓவியர்களின் 6,396 படைப்புகளைக் குறிக்கிறது.

அவர் ஆட்சியில் ஏழைகளுக்கான மருத்துவ இல்லங்களும் ஆதரவற்றோர் விடுதிகளும் பெருகின. எனினும், தலைநகர் கைபெங்கில் அவர் எழுப்பிய செயற்கை மலைப் பூங்காவுக்காகத் தென்பகுதியிலிருந்து விந்தைக் கற்களும் அரிய மரங்களும் படகுகளில் கொணரப்பட்டன. பெருங்கற்களுக்கு வழிவிடப் பாலங்களும் மதில்களும் இடிக்கப்பட்டன. மக்கள் பட்ட இத்துயரமும் சேர்ந்தே, 1120இல் ஃபாங் லா தலைமையில் கிளர்ச்சியாக வெடித்தது.

அதே ஆண்டில், வடக்கிலிருந்த லியாவ் அரசை வீழ்த்தும் நோக்குடன், ஜுர்சென் இனத்தாரின் ஜின் அரசோடு அவர் கூட்டுச் சேர்ந்தார். 1125இல் லியாவ் வீழ்ந்ததும், ஜின் படை சொங் நாட்டின் மீதே பாய்ந்தது. மூத்த மகனிடம் முடியை ஒப்படைத்தும் பயனில்லை. முற்றுகையில் பூங்காவின் மரங்கள் விறகாயின; கற்கள் உடைக்கப்பட்டுக் கவண்பொறிகளுக்கு எறிகற்களாயின. 1127இல் தந்தையும் மகனும் சிறைப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். மதிமயங்கிய கோமகன் என்னும் பொருள்பட்ட இழிபட்டத்தைப் பகைவர் அவருக்குச் சூட்டினர். ஒன்பதாம் மகன் காவ்சோங் தெற்கே மரபைத் தொடர, ஹுய்சோங் 1135இல் வடகிழக்குக் குளிர்நிலத்தில் சிறையிலேயே உயிர்நீத்தார்.

சொல்லாததை உணர்த்தும் ஓவியத்தைத் தேர்ந்தறிந்த அவருக்கு, குடிகள் சொல்லாது பொறுத்த துயரம் புலப்படவில்லை. 1112இல் அரண்மனைக் கூரைமீது வட்டமிட்ட நாரைகளைக் காட்டும் பட்டோவியம், அவர் கையெழுத்துடன் ஷென்யாங் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் போற்றப்படுகிறது. அதன் அழகு குறையாதது. அக்கற்களை இழுத்துவந்த கைகளுக்குரிய பழியும் அவரை விட்டு நீங்காதது.