ராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட எண்

ராமானுஜன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1729. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே, ஹார்டி வந்த வாடகைக் காரின் எண்ணில் ஒரு கணிதச் சிறப்பைச் சட்டென்று கண்டு சொன்னார் என்னும் கதை, அவரை ஓர் அதிசயப் பிறவியாகவே நம் மனத்தில் நிறுத்திவிட்டது. அவருடைய உழைப்பை எனக்கு உணர்த்தியது வேறோர் எண்: 67,46,32,83,88,800.

ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடியான இந்த எண்ணுக்கு 10,080 காரணிகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இவ்வகை எண்களுக்கு உயர் பகு எண்கள் என்று பெயர். எளிய சான்று 12. அதன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணும் நான்கைத் தாண்டுவதில்லை.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். காகிதத்துக்கு வழியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தரானார். மறு ஆண்டு ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914 மார்ச்சில் அவரைக் கப்பலேற்றியது.

கேம்பிரிட்ஜில் அவர் எழுதிய உயர் பகு எண்கள் குறித்த கட்டுரை, 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் அறுபது பக்கங்களுக்கு மேல் நீண்டது. இவ்வெண்களைப் பிரித்தால் 2, 3, 5, 7 எனப் பகா எண்கள் இடைவெளியின்றி வரும். சிறிய பகா எண்ணின் அடுக்கு பெரியதன் அடுக்கைவிடக் குறையாது. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண் ஒருமுறையே வரும் என்று நிறுவினார். போர்க்காலத்தில் சங்கத்துக்குப் பணமுடை ஏற்பட்டதால் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது விளக்கக் குறிப்புகளுடன் 1997இல்தான் ஆய்விதழில் வெளியானது. ஆயினும் இந்த ஆய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. தாய்நாட்டில் தேர்வுகள் மறுத்த பட்டம் அது.

கணினி இல்லாத காலத்தில் அவர் தொகுத்த பட்டியலில் 102 எண்கள் உள்ளன. நான் குறிப்பிட்ட பேரெண் அதன் கடைசி உறுப்பு. அதை 23ஆல் வகுத்தால் கிடைக்கும் 2,93,31,86,25,600 என்ற எண்ணும் 5,040 காரணிகள் கொண்ட உயர் பகு எண்தான். அது மட்டும் பட்டியலில் விடுபட்டிருக்கிறது.

இந்த விடுபடல் அவர் பெருமையைக் குறைப்பதாக நான் கருதவில்லை. ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துச் சேர்த்த மனித உழைப்பின் தடம் அது. 1919இல் நோயுடன் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தமது 32ஆம் வயதில் அவர் மறைந்தார். அதிசயம் என்று வியந்து நின்றால் நமக்குக் கடமை ஏதுமில்லை. உழைப்பாளி என்று ஏற்றால், ஒரு பாடத்தில் ஒளிர்ந்து மற்றவற்றில் தோற்கும் மாணவருக்கு நம் கல்லூரிகள் இன்று என்ன வழி வைத்திருக்கின்றன என்று கேட்டாக வேண்டும்.