சிரிப்புக்கு அஞ்சிய சர்க்கார்

வல்லரசுகள் பகைவனுடைய பீரங்கிக்கு அஞ்சுவதுண்டு. பட்டினி கிடக்கும் ஜனங்களின் கூக்குரலுக்கு அஞ்சுவதும் உண்டு. ஆனால், தொளதொளத்த கால்சட்டையும் பிய்ந்த பூட்ஸுமாகக் கோணல் நடை நடந்து உலகத்தைச் சிரிக்க வைத்த ஒரு விகடனுக்கு அஞ்சி, அவர் கப்பலில் போய்க் கொண்டிருந்த சமயம் பார்த்து வாசற் கதவைத் தாழிட்ட வல்லரசும் ஒன்றுண்டு. அந்த விகடன் சார்லி சாப்ளின். அந்த வல்லரசு அமெரிக்கா. அது நடந்தது 1952-ம் வருஷம் செப்டம்பர் மாதம். ஹாலிவுட்டில் பேரும் பணமும் பெற்று மறைந்த நடிகர்களும் டைரக்டர்களும் அநேகர். அவர்களுள் சாப்ளினுடைய சரித்திரத்தை நாம் இங்கே எடுத்துக் கொள்வதற்குக் காரணம் அவருடைய கீர்த்தி மாத்திரமன்று. அரசாங்கம் ஒரு மனிதனுடைய மனச்சாட்சியைச் சோதனை போடலாமா என்ற பெரிய கேள்வி அவர் வாழ்க்கையின் நடுவே நிற்கிறது. பொது வாழ்வில் ஈடுபட்டோர் அதை ஊன்றிப் பார்ப்பது அவசியமென்பது நம் அபிப்பிராயம்.

சாப்ளின் 1889-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி பிறந்து, லண்டன் மாநகரின் ஏழ்மை மிகுந்த பகுதியில் வளர்ந்தார். தாயும் தந்தையும் மேடையில் பாடிப் பிழைத்தவர்கள். தந்தை குடும்பத்தைப் பிரிந்தார். குடியினால் உடல் கெட்டு 1901-ல் மாண்டார். தாய்க்குக் குரல் போயிற்று. பிறகு சித்தமும் கலங்கிற்று. ஏழு வயதுச் சிறுவன் அண்ணன் ஸிட்னியுடன் லாம்பெத்தில் இருந்த தரித்திரர் விடுதியில் சேர்க்கப்பட்டான். பிறகு ஹான்வெல் என்ற இடத்தில் அநாதைகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்குமாக நடந்த பள்ளிக்கு அனுப்பப்பட்டான். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பிரிட்டன் மார்தட்டிக் கொண்டிருந்த காலம் அது. அந்தச் சாம்ராஜ்யத்தின் தலைநகரிலேயே ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட வகையற்றிருந்தாள் என்பதை நாம் மறக்கலாகாது. பிற்காலத்தில் சாப்ளின் எடுத்த படங்களில் பசி ஒரு பாத்திரமாகவே வந்து நிற்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டியதில்லை.

சிறு வயதிலேயே மேடை ஏறி, 1908-ல் பிரெட் கார்னோவின் விகட நாடகக் கம்பெனியில் சேர்ந்த அவர், அக்கம்பெனியுடன் அமெரிக்கா சென்றார். 1913-ம் வருஷக் கடைசியில் கீஸ்டோன் படக் கம்பெனி அவரை வாரம் 150 டாலர் சம்பளத்தில் அமர்த்திற்று. 1914-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் திரையில் தோன்றிய அவருடைய வேஷந்தான் உலகப் பிரசித்தி பெற்றது. இறுகிய கோட்டு, தொளதொளத்த கால்சட்டை, சிறிய தொப்பி, பெரிய பூட்ஸ், கையிலே ஒரு பிரம்பு, மூக்கின் கீழ் துண்டு மீசை. வீடு இல்லாத நாடோடிதான். ஆனால் நடையிலும் மரியாதையிலும் கனவான். வயிறு காலியாக இருந்தபோதிலும் தன்மானத்தைக் கைவிடாத அந்த நாடோடியை உலகத்து ஏழைகள் தங்களுள் ஒருவனாகக் கண்டு கொண்டார்கள். பேசாப் படமாதலால் பாஷை குறுக்கே நிற்கவில்லை. படிப்பறியாத தொழிலாளியும் கலாசாலைப் பண்டிதரும் ஒரே கொட்டகையில் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்பினால் பொருள் குவிந்தது. 1916-ல் மியூச்சுவல் கம்பெனி அவருக்கு ஒரு வருஷத்துக்கு 6,70,000 டாலர் கொடுக்க இசைந்தது. ஏழைகளின் கதையைச் சொல்லிக் கோடீசுவரரானவர் ஏழைகளின் நண்பராவது எப்படி என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால், அவர் அந்தப் பணத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1919-ல் மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பாங்க்ஸ், டைரக்டர் கிரிபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். படம் எடுப்பவனே அதை விநியோகிக்கும் உரிமையையும் வைத்துக் கொள்ள வேண்டும். முதலாளிக் கூட்டத்துக்கு அடிமையாகக் கூடாது என்பதே அதன் நோக்கம். தொழிலிலே சுயராஜ்யம் என்று இதனைச் சொல்லலாம். கூட்டாளிகளுள் ஒருவரான கிரிபித் 1924-லேயே அதை விட்டு நீங்கினார். 1931-க்குப் பிறகு படமெடுக்க வழியின்றி, 1948-ல் ஹாலிவுட்டிலேயே கவனிப்பாரற்று இறந்தார். சாப்ளினோ தம் பணத்தைத் தாமே போட்டு, தம் கொட்டகையிலேயே, அவசரப்படாமல் படமெடுத்தார். பிறர் பணத்தில் எடுத்திருந்தால் அவர் பின்னால் சொன்னவற்றைச் சொல்ல அனுமதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

1921-ல் வெளிவந்த 'தி கிட்' என்ற படத்தில் அநாதைக் குழந்தையை அதிகாரிகள் பிடுங்கிச் செல்லும் கட்டம், ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவனின் நெஞ்சிலிருந்து வந்தது. 1925-ல் 'தி கோல்ட் ரஷ்' வந்தது; பசி தாளாமல் பூட்ஸை வேக வைத்துத் தின்னும் காட்சியில் கொட்டகைகள் சிரிப்பினால் அதிர்ந்தன. 1927-க்குப் பிறகு பேசும் படங்கள் வெள்ளம்போல் பெருகின. பேசாத நாடோடியின் காலம் முடிந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். அவர் 1931-ல் 'சிட்டி லைட்ஸ்' என்ற பேசாப் படத்தையே வெளியிட்டு வெற்றி கண்டார்.

அவ்வருஷம் செப்டம்பர் மாதம் நம் தேசத்துக்கு நேரான சம்பந்தமுடைய ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த மகாத்மா காந்தியைச் சாப்ளின் காண விரும்பினார். சினிமா பாராத மகாத்மாவுக்கு அவர் யாரென்று தெரியாது. ஏழைகளிடையே பிறந்து ஏழைகளுக்கு ஆறுதலளிப்பவர் என்று சொன்ன பிறகு பார்க்கச் சம்மதித்தார். லண்டனின் கிழக்குப் பகுதியில், ஓர் இந்திய டாக்டரின் சிறிய வீட்டில் சந்திப்பு நடந்தது. வெளியே தொழிலாளர் கூட்டம் நிறைந்து நின்றது. இந்தியாவின் விடுதலையில் தமக்கு அனுதாபம் உண்டென்றும், ஆனால் யந்திரங்களை மகாத்மா வெறுப்பதேன் என்றும் சாப்ளின் வினவினார். யந்திரத்தின் மூலமாகவே இங்கிலாந்து இந்தியாவை அடிமை கொண்டதென்றும், அந்தத் தளையை அறுப்பதற்கே ஒவ்வோர் இந்தியனும் நூல் நூற்பது கடமையாயிற்றென்றும் மகாத்மா விளக்கினார். விடுதலைப் போரின் உபாயம் அப்பொழுதுதான் தமக்கு விளங்கிற்றென்ற கருத்தைச் சாப்ளின் 1964-ல் வெளியிட்ட சுயசரிதையில் பதிந்திருக்கிறார்.

ஐந்து வருஷங்களுக்குப் பின் 1936-ல் 'மாடர்ன் டைம்ஸ்' வெளிவந்தது. அந்தப் படத்துக்கு மகாத்மாவின் வார்த்தையே வித்து என்று நாம் சாதிக்க வரவில்லை. அமெரிக்காவில் லட்சோபலட்சம் பேர் வேலையிழந்து நின்ற காலம் அது. நாள் முழுதும் திருகாணி முடுக்கி முடுக்கிப் புத்தி பேதலிக்கும் தொழிலாளி, சோறூட்டும் நேரத்தைக்கூட மிச்சம் பிடிக்க முதலாளிக்குக் காட்டப்படும் ஊட்டும் யந்திரம் ஆகியவை பார்த்தோரைச் சிரிக்கவும் வைத்தன, யோசிக்கவும் வைத்தன. அதில் ஒரு கட்டம். லாரியிலிருந்து விழுந்த எச்சரிக்கைக் கொடியை எடுத்து, லாரிக்காரனைக் கூப்பிடுவதற்காக நாடோடி அதை ஆட்டுகிறான். அவனுக்குப் பின்னே தொழிலாளர் ஊர்வலம் ஒன்று வந்து சேர்கிறது. போலீஸார் அவனைப் பொதுவுடைமைத் தலைவனென்று பிடித்துச் சிறையில் தள்ளுகிறார்கள். இக்காட்சி பதினாறு வருஷம் கழித்துத் தமக்கே நேரிடப் போவதைச் சாப்ளின் அன்று அறியார்.

ஹிட்லரும் சாப்ளினும் நான்கு நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள். இருவருக்கும் துண்டு மீசை. 1940-ல், அமெரிக்கா யுத்தத்தில் சேருமுன்பே, தம் சொந்தப் பணத்தில் 'தி கிரேட் டிக்டேடர்' என்ற படத்தை எடுத்து, அந்தச் சர்வாதிகாரியைச் சாப்ளின் உலகத்தின் முன்னே கோமாளியாக நிறுத்தினார். சிறை முகாம்களில் நடந்த கோரங்களை முன்னரே அறிந்திருந்தால் அதை வைத்துச் சிரிக்கத் தமக்கு மனம் வந்திராதென்று அவரே பிற்காலத்தில் எழுதினார். 1942-ல், ஜர்மனியைத் தன்னந்தனியாகத் தாங்கி நின்ற ருஷியாவுக்கு உதவியாக இரண்டாவது போர்முனை திறக்க வேண்டுமென்று பொது மேடைகளில் பேசினார். யுத்தம் முடிந்தது, காற்று மாறிற்று. நேற்று நேசநாடாக இருந்த ருஷியா இன்று பகை நாடாயிற்று. நேற்றைய தேசபக்தி இன்று ராஜத்துரோகமாயிற்று.

அவருடைய குறைகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1918-லும் 1924-லும் அவர் மணந்த இருவரும் பதினாறு வயதுப் பெண்கள். அவ்விரண்டு மணங்களும் கசந்து முறிந்தன. அவ்விஷயத்தில் அவர் நடத்தை போற்றத் தக்கதன்று. 1944-ல் அவர்மீது தொடரப்பட்ட கிரிமினல் வழக்கில் விடுதலை பெற்றார். இரத்தப் பரிசோதனை அவருக்கு அனுகூலமாக இருந்தும், வேறொரு வழக்கில் ஒரு குழந்தைக்குத் தந்தையென்று தீர்ப்பாயிற்று. பத்திரிகைகள் அவரைக் கிழித்தெறிந்தன. நாற்பது வருஷம் அமெரிக்காவில் சம்பாதித்தும் அந்நாட்டுப் பிரஜையாகவில்லை என்பது மற்றொரு குற்றச்சாட்டு. வரி செலுத்தினார், முதல் யுத்தத்தில் சர்க்காருக்குக் கடன் பத்திரம் விற்க ஊர் ஊராகச் சென்றார், ஆயினும் பிரஜா உரிமை கேட்கவில்லை. தாம் உலகத்தின் பிரஜை என்று சொன்னார். தேசாபிமானிகளாகிய நமக்கு அது முற்றும் உடன்பாடன்று. ஆனால் உடன்பாடின்மை வேறு, குற்றம் வேறு.

1952-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி, 'லைம்லைட்' படத்தை லண்டனில் வெளியிடுவதற்காக மனைவி மக்களுடன் அவர் கப்பலேறினார். மறுநாள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் மக்கிரானரி, அவர் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தார். திரும்ப வேண்டுமானால் தம் அரசியல் கொள்கையையும் ஒழுக்கத்தையும் பற்றிய விசாரணைக்கு அவர் உட்பட வேண்டுமாம்! அவரைத் தடுத்து நிறுத்தப் போதிய ஆதாரம் சர்க்காரிடம் இல்லை என்பது பிற்காலத்தில் வெளிவந்த ரகசியத் தஸ்தாவேஜுகளால் தெரிந்தது. ஆனால் சாப்ளின் மண்டியிடவில்லை. 1953-ல் ஸ்விட்ஸர்லாந்தில் குடியேறினார்; திரும்பும் அனுமதிச் சீட்டைத் தாமாகவே ஒப்படைத்துவிட்டார்.

வருஷம் இருபது சென்றது. 1972-ல் அதே ஹாலிவுட் அவரை அழைத்துக் கௌரவ ஆஸ்கார் பரிசளித்தது. வந்திருந்தோர் எழுந்து நின்று 12 நிமிஷம் கைதட்டினார்களாம். கிழவர் கண்ணீர் வடித்தார். 1975-ல், அவரைத் தரித்திரர் விடுதியில் வைத்த அதே இங்கிலாந்தின் ராணி அவருக்கு ஸர் பட்டம் சூட்டினார். 1977-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி அவர் காலமானார்.

கைதட்டல் அநியாயத்துக்கு ஈடாகுமா? ஒரு கலைஞனின் முதுமைக் காலத்து இருபது வருஷத்தை எந்தப் பரிசு திருப்பிக் கொடுக்கும்? சர்க்கார்கள் தவறு செய்வது புதிதன்று. தவற்றைத் தேசப் பாதுகாப்பு என்று பெயரிட்டு அழைப்பதும், உண்மை தெரிந்த பிறகு மாலை போட்டு மூடுவதும் அவற்றின் வழக்கம். அனுமதியை ரத்து செய்த அட்டர்னி ஜெனரலின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? பிரம்பைச் சுழற்றிக் கொண்டு நடந்து போகும் நாடோடியைக் குழந்தைகளும் அறிவர். அன்னிய நாட்டு அதிகாரி இழைத்த அநீதியைக் கண்டு மனம் கொதிப்பது எளிது. நமக்குப் பிடிக்காத அபிப்பிராயம் கொண்டவன்மீது நம்மவர்களே கதவைச் சாத்தும்போது, அது அநீதியென்று எழுந்து சொல்வது கடினம். அந்தக் கடினமான காரியத்தைச் செய்பவர்களே சுதந்திரத்தின் உண்மையான காவலர்கள்.