மாட்டாமல் விட்ட ஒரு பெல்ட்: யோகன் ரிண்ட்டின் கதை

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கும் ரீல்ஸ் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். துருப்பிடித்த பாடி, கிழிந்த ரெக்சின் சீட். அந்த கனமான சீட்டைக் கழற்றி வீசிவிட்டு, முட்டை ஓடு மாதிரி மெலிசான பக்கெட் சீட் ஒன்றை உள்ளே இறக்குவாங்க. அதோடு சிவப்பு நிறத்தில் ரேஸிங் ஹார்னஸ். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு பட்டை, நடுவில் ஒரு பெரிய பக்கிள். பார்க்கவே செமயா இருக்கும்.

அடுத்த தடவை அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. தொடைகளுக்கு நடுவிலிருந்து மேலே வந்து பக்கிளில் சேர வேண்டிய ஐந்தாவது பட்டை இருக்கிறதா? பல பேர் அதை மாட்டுவதே இல்லை. அசௌகரியம், பார்க்க ஒரு மாதிரியா இருக்கு, இறங்க லேட்டாகும்... காரணங்கள் நிறைய.

1970-ல் உலகத்தின் வேகமான டிரைவர் ஒருவரும் அதை மாட்டவில்லை. அவருடைய காரணம் இதையெல்லாம் விடப் பெரியது. அவர் பெயர் யோகன் ரிண்ட்.

குண்டு மழையில் தொலைந்த வீடு

ரிண்ட் பிறந்தது 1942 ஏப்ரல் 18, ஜெர்மனியின் மைன்ஸ் நகரில். அப்பாவுக்கு மசாலா அரைக்கும் மில் சொந்தமாக இருந்தது. அம்மா ஆஸ்திரியாக்காரர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தின் மீது குண்டுகள் விழுந்தபோது அப்பா, அம்மா இருவரும் இறந்துபோனார்கள். அப்போது ரிண்ட்டுக்கு ஒன்றேகால் வயசு.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் இருந்த அம்மா வழித் தாத்தா, பாட்டிதான் அவரை வளர்த்தார்கள். தாத்தா வக்கீல். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை, பையனின் சேட்டைக்கும் குறைவில்லை. பனிச்சறுக்கில் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டதில், கடைசி வரை ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டையாகவே இருந்தது.

1961-ல் ஒரு சிம்கா காரை எடுத்துக்கொண்டு முதல் ரேஸுக்குப் போனார். ஓட்டிய விதம் ஆபத்தாக இருக்கிறது என்று கறுப்புக் கொடி காட்டினார்கள். அந்தக் கொடிக்கு அர்த்தம் வெளியே வா என்பது. நம்ம ஆளுக்கு அது தெரியாது, பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருந்தார்! அந்த அளவுக்குத்தான் அப்போது அவருக்கு ரேஸ் தெரியும்.

மூன்றே வருஷத்தில் கதை மாறியது. 1964-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த ஃபார்முலா 2 ரேஸில், உலக சாம்பியன் பட்டம் வென்றிருந்த கிரஹாம் ஹில்லைத் தோற்கடித்தார். யார்டா இந்தப் பையன் என்று ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. 1965-ல் மாஸ்டன் கிரெகரியுடன் சேர்ந்து ஃபெராரி 250 எல்.எம். காரில் 24 மணி நேர லே மான்ஸ் ரேஸை ஜெயித்தார். அதற்குப் பிறகு லே மான்ஸில் ஒட்டுமொத்த முதலிடம் பிடிக்க ஃபெராரிக்கு 2023 வரை ஆனது.

1967-ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த மாடல் நீனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருஷம் மகள் நடாஷா பிறந்தாள்.

லேசான கார், கனமான பயம்

1969-ல் ரிண்ட் லோட்டஸ் டீமில் சேர்ந்தார். லோட்டஸ் என்றாலே எடை குறைப்புதான். ஒரு கிராம் தேவையில்லை என்றாலும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அதன் நிறுவனர் காலின் சாப்மேனின் கொள்கை. இன்றைக்கு லேசான சீட்டைத் தேடித்தேடி மாட்டும் கிளாசிக் கார் பிரியர்களுக்கெல்லாம் ஒரு வகையில் அவர்தான் குரு. லேசான கார் சீக்கிரம் வேகமெடுக்கும், சீக்கிரம் நிற்கும், வளைவில் லாகவமாகத் திரும்பும். ஆனால், எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

அந்த வருஷம் ஸ்பெயின் கிராண்ட் ப்ரீயில், ரிண்ட்டின் காருக்கு மேலே உயரமாக நின்ற விங் பாதி ரேஸில் உடைந்தது. அதே காரணத்தால் ஏற்கெனவே மோதி நின்றிருந்த டீம் மேட் ஹில்லின் கார் மீது போய் மோதினார். முகத்தில் காயத்தோடு ஆஸ்பத்திரி. பிறகு சாப்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்க கார்கள் வேகமானவைதான், ஆனால் பலவீனமான பாகங்களுக்குக் கொஞ்சம் எடை கூட்டினால் என்ன என்பதுதான் அதன் சாரம். துணிச்சல்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவர், பாதுகாப்பைப் பற்றி முதலாளியிடமே நேராகக் கேட்டார். அதைக் கவனிக்க வேண்டும்.

அதே வருஷம் அமெரிக்காவில் முதல் ஃபார்முலா 1 வெற்றி. 1970-ல் அவரைப் பிடிக்க ஆளில்லை. மொனாக்கோவில் கடைசி சுற்றின் கடைசி வளைவில் ஜாக் பிராபம் சறுக்க, ரிண்ட் முந்தி ஜெயித்தார். பிறகு புது லோட்டஸ் 72 காரில் நெதர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி என்று வரிசையாக நான்கு வெற்றிகள்.

ஆனால், நெதர்லாந்து வெற்றியை அவரால் கொண்டாட முடியவில்லை. நெருங்கிய நண்பர் பியர்ஸ் கரேஜ் அதே ரேஸில், தீப்பிடித்த காரில் இறந்துபோனார். ரேஸை விட்டுவிடலாமா என்றுகூட ரிண்ட் யோசித்தார்.

இப்போ அந்த ஐந்தாவது பட்டைக்கு வருவோம். அந்தக் காலத்தில் ரேஸ் டிரைவர்களின் பெரிய பயம் தீ. சீட்டைச் சுற்றிலும் பெட்ரோல், மோதினால் நொடியில் பற்றிக்கொள்ளும். சில வருஷங்களுக்கு முன்பு வரை பெல்ட்டே போடாமல் ஓட்டியவர்கள்தான் அதிகம். ரிண்ட் தோள் பெல்ட்டும் இடுப்பு பெல்ட்டும் போட்டார். தொடை நடுவே வரும் பட்டைகளை மட்டும் விட்டுவிட்டார். தீப்பிடித்தால் சட்டென்று வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். நண்பன் எரிந்ததைப் பார்த்தவரின் கணக்கு அது. முட்டாள்தனம் என்று நாம் சொல்லிவிட முடியாது.

மான்ஸா, செப்டம்பர் 5

இத்தாலியின் மான்ஸா, வேகத்துக்குப் பெயர் போன டிராக். நேர்ப் பாதையில் இன்னும் வேகம் வேண்டும் என்று லோட்டஸின் விங்குகளைக் கழற்றிவிட்டு ரிண்ட் பிராக்டீஸ் ஓட்டினார். பாராபோலிகா வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது, முன்பக்க வலது பிரேக்கின் ஷாஃப்ட் உடைந்தது. கார் ஒரு பக்கமாக இழுத்து இரும்புத் தடுப்பில் மோதியது. தடுப்பு சரியாக அமைக்கப்படாமல் இருந்ததால் காரின் முன்பகுதி அதற்குள் சிக்கிக் கிழிந்தது.

தீப்பிடிக்கவே இல்லை. மோதிய வேகத்தில் ரிண்ட்டின் உடல் சீட்டில் கீழ்நோக்கி வழுக்கியது. காப்பாற்ற வேண்டிய பெல்ட்டே கழுத்தைக் காயப்படுத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. வயசு 28.

ஏன் இப்படி ஆனது? உங்க இடுப்பின் இரண்டு பக்கமும் கை வையுங்க, கெட்டியான எலும்பு தட்டுப்படும். இடுப்பு பெல்ட் அந்த எலும்பின் மேல்தான் உட்கார வேண்டும். ஹார்னஸில் ஒரு சிக்கல் உண்டு. மோதும்போது தோள் பட்டைகள் பக்கிளை மேலே இழுக்கும். கூடவே இடுப்பு பெல்ட்டும் வயிற்றுக்கு ஏறிவிடும். உடல் அதற்கு அடியில் நழுவும். ரேஸ் காரில் கால் நீட்டிப் பாதி படுத்த மாதிரி உட்காருவதால், நழுவுவது இன்னும் சுலபம். தொடை நடுவே வரும் பட்டை பக்கிளைக் கீழே இழுத்துப் பிடித்தால்தான் மற்ற நான்கும் தங்கள் இடத்தில் நிற்கும்.

அதனால்தான் கிளாசிக் காரில் ஹார்னஸ் மாட்டுகிறவர்கள் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டை வர சீட்டின் அடியில் துளை இருக்க வேண்டும். பெல்ட்டின் போல்ட்டுகளை வெறும் தகரத்தில் முடுக்கக் கூடாது, அடியில் கெட்டியான இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும். தோள் பட்டைகள் பின்பக்கம் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போக வேண்டும். செங்குத்தாகத் தரைக்கு இறங்கினால், மோதும்போது முதுகெலும்பை அழுத்திவிடும். லேசான சீட்டால் மிச்சமாகும் எடையில் கொஞ்சத்தை இந்தத் தகடுகளுக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. ரிண்ட் தன் கடிதத்தில் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அவர் இல்லாத பட்டமளிப்பு

ரிண்ட் இறக்கும்போது 45 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தார். மிச்சம் இருந்த ரேஸ்களில் ஜாக்கி இக்ஸ் துரத்தினார். அமெரிக்காவில் லோட்டஸின் புதுப் பையன் எமர்சன் ஃபிட்டிபால்டி ஜெயித்ததும், இக்ஸால் எட்ட முடியாது என்று ஆனது. இறந்த பிறகு ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனவர் இன்று வரை ரிண்ட் ஒருவர்தான். பாரிஸில் கோப்பையை நண்பர் ஜாக்கி ஸ்டூவர்ட் கொடுக்க, நீனா வாங்கிக்கொண்டார். மகளுக்கு அப்போது இரண்டு வயசு.

1972-ல் ஃபார்முலா 1-ல் ஆறு முனை ஹார்னஸ் கட்டாயமானது. தொடைப் பட்டை வேண்டுமா, வேண்டாமா என்று டிரைவர் முடிவு செய்யும் காலம் அதோடு முடிந்தது.

நம்மில் பல பேரிடம் கிளாசிக் கார் இல்லை. ஆனால், பீப் சத்தம் வரக் கூடாது என்று பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டுவது, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துவிட்டு ஸ்ட்ராப்பை மாட்டாமல் விடுவது எல்லாம் நம்மிடமும் உண்டு. ரிண்ட்டுக்காவது தீ என்ற பயம் இருந்தது. நமக்கு என்ன காரணம்? வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க, அப்புறம் அந்த க்ளிக் சத்தம் கேட்டதும் கிளம்புங்க.