எட்கர் தர்ஸ்டன்: அளவைமுறையும் அச்சமும்

மருத்துவம் பயின்ற எட்கர் தர்ஸ்டன் (1855–1935), 1885இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து குலங்களை வகைப்படுத்தலாம் என்னும் அக்கால நம்பிக்கை அவரை வயநாடு வரை இட்டுச்சென்றது. அங்குப் பணியர் பெண்கள் அவரைக் கண்டு ஓடினர். தம்முள் சிறந்தோரைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்துவிடுவார் என அஞ்சினர். இதனை அவர் வேடிக்கைச் செய்தியாகவே பதிவுசெய்துள்ளார். மனிதரைக் காட்சிப்பொருளுக்கு நிகராக அளந்த முறையை அப்பெண்களே சரியாகப் புரிந்துகொண்டனர் எனலாம்.

க. ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. சடங்கு, வழக்காறு பற்றிய செய்திகளுக்காக ஆய்வாளர் இன்றும் அதனை நாடுகின்றனர். அளவைமுறையின் அடிப்படையோ நிலைக்கவில்லை. மூக்கின் அகலம் குறையுந்தோறும் சாதிநிலை உயரும் என்ற ரிஸ்லியின் விதி சென்னை மாகாணத்திற்குப் பொருந்தாமையை 1932இல் ஜி. எஸ். குர்யே எடுத்துக்காட்டினார்.