கரையில் நின்ற சிறுவன்

கடற்பயணங்களின் வரலாறு பெரும்பாலும் கப்பலில் வந்தவர்களால் எழுதப்பட்டது. கரையில் நின்று அக்கப்பலைக் கண்டவர்களின் நினைவுகள் அரிதாகவே எஞ்சியுள்ளன. அத்தகைய நினைவொன்றை உலகிற்கு அளித்தவர், நியூசிலாந்தின் மாவோரித் தலைவர் தே ஹொரெட்டா.

1769ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் வடதீவின் ஃபிட்டியாங்காவில் நங்கூரமிட்டது. அப்போது தே ஹொரெட்டா சிறுவர். படகுகளில் வந்தோர் கரைக்கு முதுகைக் காட்டியபடி துடுப்பு வலித்தனர். மாவோரியரோ செல்லும் திசையை நோக்கியே துடுப்பிடுபவர்கள். எனவே, வருவோர் பின்தலையில் கண்ணுடைய மாய உயிர்கள் என முதியோர் கருதினர். பெண்களும் சிறுவர்களும் காட்டிற்குள் ஓடினர். வீரர்கள் மட்டும் நின்றனர். வந்தவர்கள் தீங்கு செய்யாததைக் கண்டபின் ஓடியவர்கள் திரும்பினர், அவர்களின் ஆடைகளைத் தொட்டுப் பார்த்தனர், உணவளித்தனர்.

பின்னர் முதியோருடன் தே ஹொரெட்டா கப்பலுக்குச் சென்றார். மிகுதியாகப் பேசாத குக், சிறுவரின் தலையைத் தொட்டு, இரும்பாணி ஒன்றைக் கொடுத்தார். கல், எலும்பு, மரம் ஆகியவற்றாலான கருவிகளையே அறிந்திருந்த மக்களுக்கு அது பெருஞ்செல்வம். ஈட்டி முனையாகவும் படகுப் பலகையில் துளையிடும் கருவியாகவும் அதனைப் பயன்படுத்தினார். ஒருநாள் படகு கவிழ்ந்தது. மூழ்கித் தேடியும் ஆணி கிடைக்கவில்லை.

அந்நாள்கள் இனிமையாக மட்டும் அமையவில்லை. நவம்பர் 9 அன்று, பண்டமாற்றில் துணியைப் பெற்றுக்கொண்டு ஈடு தராமல் சென்ற மாவோரி ஒருவரைக் கப்பல் அதிகாரி சுட்டுக் கொன்றார். குற்றத்தினும் தண்டனை பெரிது எனக் குக் தம் நாட்குறிப்பில் வருந்தினார். மாவோரியரோ தமக்குள் கூடி ஆராய்ந்து, ஏமாற்றியவர்மீதே பிழை எனத் தெளிந்து, பழிவாங்காது விட்டனர்.

வளர்ந்து போர்வீரராகவும் தலைவராகவும் விளங்கிய தே ஹொரெட்டா, 1840இல் பிரித்தானிய அரசுடனான வைத்தாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அவர் ஒப்பமிட்ட துறைமுகத்தின் பெயர் கோரமண்டல். நம் சோழமண்டலக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஆங்கிலக் கப்பல் 1820இல் அங்கு வந்ததால் அப்பெயர் அமைந்தது. 1852இல் அப்பகுதியில் பொன் கிடைத்தது; நிலத்தை நாடி வெள்ளையர் திரண்டனர். ஓர் ஆணியில் தொடங்கிய உறவு, மண்ணையே கேட்கும் நிலைக்கு வளர்ந்ததை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

முதுமையில் அவர் எடுத்துரைத்த இளமை நினைவுகளை ஐரோப்பியர் எழுதிவைத்தனர். 1853இல் அவர் மறைந்தார். கரையில் நின்றவர்கள் அஞ்சினர். ஆயினும் உற்று நோக்கினர், ஒப்பிட்டனர், ஆராய்ந்து முடிவுக்கு வந்தனர் என்பதற்கு அவரது நினைவே சான்றாக நிற்கிறது.